பூந்தி விழுங்கிய பட்டு இழை

பூனைக்கு எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். தை மாதம் வெறிநோய் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, சித்திரை வெயிலில் தறிக்குழி ஓரம் மண்சட்டியில் தண்ணீர், ஐப்பசி மழையில் காய்ந்த சாக்கு. பிள்ளையார்பாளையத்தில் இத்தனை ஒழுங்காகப் பூனை வளர்ப்பவன் இந்த வீரபாகு ஒருவன்தான் என்று நானே பீற்றிக்கொள்வேன். தறியில் நெய்யும் பட்டை எலி கடித்துவிடக் கூடாதே என்று கொண்டுவந்த பூனை அது. ஐந்தாவது படிக்கும் என் மகள் திரிஷா அதற்குப் பூந்தி என்று பேர் வைத்தாள். அது பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஊசி போடும்போதெல்லாம் கால்நடை டாக்டர் சுகாசினி ஒன்றைச் சொல்வார். தரையில் நூல் போடாதீர்கள், பூனை விழுங்கிவிடும். வாயில் நூல் தெரிந்தால் இழுக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். தறி ஓடுகிற வீட்டில் நூல் இல்லாத தரைக்கு எங்கே போவது என்று சிரித்துவிட்டு வருவேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, பூந்தியின் வாயிலிருந்து அரக்குச் சிவப்பில் ஓர் இழை தொங்கியது. டாக்டரிடம் போகலாம் என்றாள் திரிஷா. முப்பது வருஷமாகச் சிக்கெடுத்த கைக்கு டாக்டர் எதற்கு? ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் பாவில், சிக்கிய ஒன்றை மட்டும் அறுக்காமல் உருவத் தெரிந்தவன் நான். பூனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு முழம் சுலபமாக வந்தது. பிறகு எங்கோ பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நான் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இழுத்து, இன்னொரு முழத்தையும் உருவினேன். பூந்தி ஒரே தடவை கத்தியது. அதற்குமேல் வராததால் வெட்டிவிட்டேன். மிச்சம் தானாக வெளியே போய்விடும் என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். வெட்டிய முனை உள்ளே போயிருந்தது. நூல் ஏதாவது விழுங்கியதா, யாராவது இழுத்தீர்களா என்று கேட்டார். பின்னால் என் தெருக்காரர் காசிநாதன் ஆட்டுக்குட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பூச்சி மருந்து பற்றி வகுப்பெடுத்தவன் நான்.

"இல்லீங்க டாக்டரம்மா. நூலெல்லாம் அப்பப்ப பெருக்கிடுவோம்" என்றேன்.

திரிஷா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்ணாலேயே அவளை அடக்கினேன். டாக்டர் வாந்திக்கு ஊசி போட்டு, நிற்காவிட்டால் மறுநாளே கொண்டுவரச் சொன்னார். வாந்தி நிற்காமல் இருந்தும் மறுநாள் நான் போகவில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பாரே என்ற பயம்தான்.

வியாழக்கிழமை பூந்தியின் வயிறு கல்லாகிவிட்டது. இந்தத் தடவை நான் வாய் திறப்பதற்குள் திரிஷா முந்திக்கொண்டாள்.

"அப்பா நூல இழுத்தாரு டாக்டர். நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. இழை குடலைச் சுருக்கிக் கிழித்திருக்கும் என்றார். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தால் அறுவை செய்து காப்பாற்றியிருக்கலாம், இனிமேல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வாடகைக் காரில் கிளம்பினோம். சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் பூந்தி என் மகள் மடியிலேயே செத்துப்போனது.

காரைத் திருப்பச் சொன்னேன். திரிஷா பூனையைத் துண்டால் போர்த்திவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கே நான் டாக்டராண்ட சொல்லியிருக்கணும்பா. சொல்லாம வுட்டுட்டேன். என்னாலதான் செத்துப்போச்சு."

இல்லையம்மா, இழுத்தவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று சொல்ல வேண்டும். நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. ஆனால் கார் ஓட்டிய வசந்த் எங்கள் தெருப் பையன். கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழாதம்மா" என்று மட்டும் சொன்னேன்.