ஆஃப் பண்ணக் கூடாத வண்டி

மாப்பிள்ளை என் தொடையில் தட்டினார். இன்னும் வேகமாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். அந்த வண்டியில் யார் பேசினாலும் கேட்காது. கூரை கிடையாது. எட்டு சிலிண்டர் எஞ்சின். புகைக்குழாய் இரண்டும் கதவுக்குக் கீழேயே முடிந்துவிடும்.

மறுபடி தட்டினார். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஓரம் கட்டி, அவர் வாய்ப் பக்கம் காதை வைத்தேன்.

"நெஞ்சு அடைக்குது மச்சான். கை மரத்துப் போகுது. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

அவர் என் தங்கையின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் நின்றது, அணையைத் தாண்டி ஊருக்கு இறங்குகிற அணைக்கட்டு ரோடு. போனில் சிக்னல் இல்லை, பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. என் வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

பழைய பந்தயக் கார் ஒன்றைப் பார்த்து நானே கட்டியது அது. உடம்பு ஃபைபர். எஞ்சின், விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய வண்டியுடையது. மாப்பிள்ளை அதை டூப்ளிகேட் என்றுதான் கூப்பிடுவார். காலையில் ஏறும்போதுகூட, "டூப்ளிகேட்டுக்கு இன்னைக்கு மூட் எப்படி?" என்று கேட்டார். அதற்கு மூட் உண்டு என்பது உண்மைதான். ஊர்ந்து போனால் கொதிக்கும். கொதித்த பிறகு ஆஃப் பண்ணினால், ஸ்டார்ட்டர் ஆறுகிற வரைக்கும் காலில் விழுந்தாலும் கிளம்பாது.

இறக்கத்தில் விரட்டினேன். பிரேக்கில் எழுந்து நிற்கிற மாதிரி மிதித்தால்தான் பிடிக்கும். ஈரமான ஒரு திருப்பத்தில் பின்பக்கம் தனியாகக் கழன்று போவது போல வழுக்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து எப்படியோ நேராக்கினேன். மாப்பிள்ளை என் காதருகே சாய்ந்தார்.

"நெஞ்சு வலியில போக விடமாட்டீங்க போல. அதுக்கு முன்னாடி நீங்களே அனுப்பிடுவீங்க."

"பேசாம மூச்ச விடுங்க மாப்ள."

ஊருக்குள் நுழைகிற பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஹாரன் அடித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பைக்கில் இருந்த இரண்டு பேர் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். "நெஞ்சு வலி, வழி விடுங்க" என்று கத்தினேன். ஒருவன் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு தரம் முறுக்கச் சொல்லி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.

சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். கால் வெந்தது. மாப்பிள்ளையின் தலை தொங்கத் தொடங்கியது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்றார். ஏதோ கேட்டார். நான் ஏதோ சொன்னேன். காதைத் தொட்டுக் காட்டி, சாவியைத் திருப்பு என்று சைகை செய்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஆஃப் பண்ணினால் பாலத்து நடுவில் செத்துக் கிடக்கும். பிறகு இவரை எதில் கொண்டுபோவது? போலீஸ்காரர் முகம் கறுத்தது. திமிர் என்று நினைத்திருப்பார். சத்தம் போட்டு விளக்கப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளை கையை நீட்டி, சாவியைத் திருப்பினார்.

எல்லாம் அடங்கியது. அவர் மூச்சு இழுக்கிற சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. போலீஸ்காரருக்கும் கேட்டது. பைக்காரர்கள் போனை இறக்கினார்கள்.

"சார், எனக்கு நெஞ்சு வலி" என்றார் மாப்பிள்ளை. "இவரு ரேஸ் விடல."

போலீஸ்காரர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தினார். பின்னால் நின்ற கூரியர் வேனை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். பைக்காரர்கள் இருவரும் மாப்பிள்ளையைத் தூக்கி வேனில் படுக்க வைத்தார்கள். என் சாவியை அவர்களில் ஒருவன் கையில் திணித்துவிட்டு நானும் ஏறினேன். போலீஸ்காரர் தன் பைக்கில் முன்னால் போனார்.

பார்சல்களுக்கு நடுவே அவர் தலையை மடியில் வைத்திருந்தேன்.

"அணைக்கு முன்னாடியே சொன்னேன் மச்சான்" என்றார் மெதுவாக. "நீங்க சிரிச்சீங்க."

நான் அவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தேன்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். அடைப்பை எடுத்தாயிற்று, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் இதயத்தில் ஒரு பகுதி அடி வாங்கியிருக்கிறது என்றார். தங்கை அழவில்லை. டாக்டர் உள்ளே போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு எப்பண்ணே வலி ஆரம்பிச்சுது?"

"அணைக்கு முன்னாடியே சொல்லியிருக்காரு. எனக்குக் கேக்கலம்மா."



"வண்டி எங்க?"

"பாலத்துல. சாவிய யாரோ ஒரு பைக்காரன்கிட்ட குடுத்துட்டேன். யாருன்னு தெரியல."

"குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.