வண்டிப்பாதையைக் கடந்த சோளவயல்

ஈரம் பார்க்கும் கருவிகளைப் புதைத்த இரண்டாம் வருடம் அந்த மக்காச்சோள வயல் வீட்டை நோக்கி நகரத் தொடங்கியது. முதலில் பார்த்தது யார் என்பதில் தகராறு உண்டு. பால்காரர் தான்தான் என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. நகர்ந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

வயலுக்குச் சொந்தக்காரர் மனைவியை இழந்தவர். அவள் இருந்தவரை விடிந்ததும் இருவரும் வரப்பில் ஒரு சுற்று வருவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். மடையை யார் அடைப்பது என்பதில் ஆரம்பித்து மருமகனின் குணம் வரை சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள். அவள் போன பிறகு அவருடைய முழங்காலும் மக்கர் செய்தது. நகரத்தில் இருந்த மகள் ஆள் அனுப்பி, மண்ணுக்குள் கருவிகளைப் பதித்து, சொட்டுநீர்க் குழாய் போட்டு, மோட்டாரைப் போனோடு இணைத்துக் கொடுத்தாள். அதன்பின் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் பாதிதான் செலவானது, உரம் அளவோடு போனது, கோடையிலும் கிணறு வற்றவில்லை, கதிர்கள் பருத்தன. அக்கம்பக்கத்தார் அவருக்குச் செல்போன் மாமா என்று பெயர் வைத்தார்கள். வயலுக்குள் கால் வைக்கத்தான் யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் திறக்கப்பட்டது என்று போனில் ஒரு பெண்குரல் சொல்லும். “சரிம்மா” என்பார். பல நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அவ்வளவுதான்.

வயல் அவசரப்படவில்லை. பின்னால் வெறும் தரையை விட்டுவிட்டு, குழாய்களை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. போன் வரைபடத்தில் கருவிகளின் புள்ளிகள் இடம் மாறின. கருவிக்காரர் வந்தார், வயல்பக்கம் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து, புள்ளிகளை விரலால் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். மறுமுறையும் அதையே செய்தார். வண்டிப்பாதையை அடைந்த வயல், பால் வண்டி போகும்வரை காத்திருந்து கடந்தது என்பது பால்காரரின் சாட்சி. மிகைப்படுத்தியிருக்கலாம்.

“மாமா, உங்க வயலைக் கட்டிப் போடுங்க. இல்லன்னா நேரா அடுப்படில வந்து உக்காந்துக்கும்” என்றார் பக்கத்து நிலத்துக்காரர்.

“போன்ல எல்லாம் சரின்னுதானே காட்டுது?”

“போனுக்கென்ன, அது வீட்டுக்குள்ள இருக்கு.”

அந்த வாரம்தான் மகள் கூப்பிட்டாள். “அப்பா, எல்லாத்தையும் மெஷின் பாத்துக்குது. அங்க உங்களுக்கு என்ன வேலை? கிளம்பி வாங்க.” அவர் சம்மதித்தார். பையில் வேட்டிகளையும் முழங்கால் தைலத்தையும் வைத்தார். மனைவியின் செருப்பையும் எடுத்து வைத்தார், பிறகு வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார்.

புறப்படும் காலையில் கதவைத் திறந்தபோது வயல் படிக்கட்டில் நின்றது. முதல் வரிசைச் சோளம் நிலைப்படியில் தோகையைச் சாய்த்திருந்தது. போனில் எல்லாம் சரி என்றே இருந்தது. அவர் பையைக் கீழே வைத்தார். “இவ்வளவு தூரம் நடந்தா வந்த?” என்று கேட்டார். தன் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்து இறங்கி, வரப்பில் ஒரு சுற்று வந்தார். பாதியில் நின்று, பின்னால் ஆள் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். வரவில்லை. மருமகனைப் பற்றிய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டே மீதியையும் நடந்தார்.

மகளை அவரே கூப்பிட்டார். “நான் வரலம்மா. வீட்டுக்கு வந்திருக்காங்க.”

“யாருப்பா?”

“வயல்.”

“கருவியெல்லாம் வேலை செய்யுதாப்பா?” என்றாள். செய்வதாகச் சொன்னார்.

கருவிக்காரர் இந்த முறை புள்ளிகளை வாசலிலேயே விட்டுவிட்டார். போன் தண்ணீரைக் கவனிக்கிறது, அவர் தினமும் ஒரு சுற்று வருகிறார், வயல் பிறகு நகரவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் கட்டில் கால் வரைக்கும் வந்து நிற்கிறது. அந்த நாட்களில் பார்க்க வருகிறவர்கள், வீட்டைவிட்டு வெளியே போகும்போது காலில் ஒட்டிய வயல்மண்ணைக் கழுவிக்கொள்கிறார்கள்.