நாய் நோட்டு

எங்க கம்பெனியில லிஃப்ட் ரிப்பேருக்கு நான் போவேன், போன் எடுக்கறது அண்ணி. நாங்க பார்க்கற கட்டடங்கள்ல பல நாட்டுக்காரங்க குடியிருக்காங்க. பழுதைச் சொல்ல வார்த்தை கிடைக்காதவங்க சத்தத்தை வாயால செஞ்சு காட்டுவாங்க. அதையெல்லாம் அண்ணி ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. முதல் பக்கமே நாய். நமக்கு 'வள் வள்', ஜப்பான்காரருக்கு 'வான் வான்', ரஷ்யக்காரருக்கு 'காவ் காவ்'. எந்தப் பாஷைன்னு தெரியலன்னா அண்ணி முதல்ல குரைக்கச் சொல்வாங்க. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அண்ணி"ன்னு ஒன்பது வருஷமா நக்கலடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன வியாழக்கிழமை காலையில ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. கதவு உரசி நின்னிருக்கும், பிரேக்கைத் தளர்த்தி மெதுவா இறக்கிடலாம்னு மேல மெஷின் ரூம்ல நெம்புகோலைப் பிடிச்சுட்டேன். லிஃப்ட்டுக்குள்ள இருக்கற போன் எங்க ஆபீசுக்குத்தான் போகும். அண்ணி என்னையும் அதே லைன்ல சேர்த்திருந்தாங்க.

"தம்பி, கையை எடுங்க. என்ன சத்தம் வந்துச்சுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"அந்தப் பொண்ணு கதறுது, குரைச்சு விளையாட இதா நேரம்?"

"கையை எடுங்கன்னேன்!"

எடுத்தேன். அண்ணி 'வள் வள்'னாங்க. விசும்பல் நின்னுச்சு. அப்புறம் சன்னமா 'மங் மங்'னு ஒரு குரல். நோட்டு சரசரன்னு புரண்டுச்சு. அண்ணி ஏதோ கேட்க, லிஃப்ட் போட்ட சத்தத்தை அந்தப் பொண்ணு வாயால செஞ்சு காட்டுச்சு.

"கொரியப் பொண்ணு. கதவு உரசினா அவங்க 'பிகக் பிகக்'ம்பாங்க. இவ 'தொல்கங் தொல்கங்'ங்கறா. இது உரசல் இல்ல தம்பி. கனமா ஏதோ கழண்டு இடிக்குது."

முணுமுணுத்துக்கிட்டே இறங்கி, ஏழாவது மாடிக் கதவைத் திறந்து டார்ச் அடிச்சேன். லிஃப்ட் தலையில இருக்கற கப்பியில கம்பிக்கயிறு பள்ளத்தை விட்டு விலகி விளிம்புல தொத்திக்கிட்டிருந்துச்சு. பிரேக்கைத் தளர்த்தியிருந்தா மொத்தமா நழுவியிருக்கும்.

லிஃப்ட்டைச் சங்கிலி போட்டுக் கட்டி, அந்தப் பொண்ணை வெளிய எடுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்பதான் பார்த்தேன், நிறைமாசம். அது என் போனைப் பிடுங்கி, 'மங் மங்'னு சொல்லிட்டு ஓன்னு அழுதுச்சு. அண்ணியும் அழுதுக்கிட்டே 'வள் வள்'னாங்க.

போனை வாங்கினேன். "அண்ணி, உள்ள இருந்தது ரெண்டு உயிர். நீங்க தெய்வம் அண்ணி."

அந்தப் பக்கம் நோட்டை மூடற சத்தம் கேட்டுச்சு.

"சொன்னதும் கையை எடுத்தீங்களே தம்பி, அது போதும்"னாங்க.

இத்தனை நீள வாய் வச்சிருக்கற எனக்கு, குரைக்கக்கூட வரல.