ஆறு ஸ்பூன்

முருகையன் வயிற்றுக்குத் தோதான ஆகாரம் நீராகாரம்தான். விடிந்ததும் ஒரு சொம்பு பழைய சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்தால் போதும், பாரிமுனையிலிருந்து தி.நகருக்குத் துணி மூட்டை ஏற்றிய கைவண்டியை ஒரே மூச்சில் இழுத்துவிடுவான். அந்தக் கால் வலுவைப் பார்த்துத்தான் ஜவுளிக்கடை முதலாளி நல்லசிவம் அவனைப் பதினைந்து மைல் ஓட்டப் பந்தயத்தில் சேர்த்துவிட்டார். எழுபத்து நாலாம் வருஷம் அது. முதலில் வரும் மூன்று பேருக்கு ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. கைவண்டியைத் தலைமுழுக அவனுக்கு வேறு வழியில்லை.

நல்லசிவத்தின் எண்ணம் வேறு. புதிதாகச் சத்து மாவு டின் ஏஜென்சி எடுத்திருந்தார். டின்னின் பெயர் போட்ட பனியனை அவனுக்கு மாட்டிவிட்டார். தினமும் பாலில் இரண்டு ஸ்பூன் கலக்கிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு கடாமுடா என்னும். வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி தேவானை நீராகாரம் கொடுத்துத்தான் அதை அடக்குவாள்.

"ஒத்துக்கலன்னு மொதலாளிகிட்ட சொல்லேன்யா."

"இன்னான்னு சொல்றது? அவ்ளோ ஒசத்தி டின்னு. எனக்குப் பழைய தண்ணிதான் சரிப்படும்னா சிரிக்க மாட்டாரா?"

பந்தயத்தன்று பனகல் பார்க் வாசலில் நல்லசிவம் ஆறு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். பால் கூழாகிவிட்டது.

"குடிலே! இன்னைக்கு நீதாம்லே முதல்ல வரணும்."

முதலாளி நீட்டியதை வேண்டாம் என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தேவானை தூக்குச் சட்டியோடு நின்றாள். அத்தனை பெரிய மனிதர்கள் நடுவே அதை வாங்கிக் குடிக்க வெட்கப்பட்டு, போய்விடு என்று பாவி மனுஷன் தானே கண்ணைக் காட்டினான்.

மயிலாப்பூர் தாண்டும்வரை அவன்தான் முதல். அடையாறு பாலத்தில் வயிறு முறுக்கிப் பிழிந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. பாலத்துக்குக் கீழே ஓடிப்போய் உட்கார்ந்தான். மேலே ஒவ்வொருவராக ஓடிப்போகும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினான். கோட்டூர் பக்கம் மறுபடியும் வந்தது. அங்கே ஒதுங்க இடமில்லை. நனைந்த டவுசரோடு ஓடினான். வழியெல்லாம் விசில் அடித்தார்கள்.

ஒன்பதாவதாக வந்தான். நல்லசிவம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பழைய சோத்து வயிறு. சத்து எப்படிலே தங்கும்?"

முதலில் வந்தவன் சிந்தாதிரிப்பேட்டை தணிகாசலம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"இன்னாத்த துன்றது? நீராகாரம் குட்ச்சிக்கினு வந்தேன்."

நல்லசிவம் சட்டென்று அவன் கையில் ஒரு டின்னைத் திணித்து, தோளில் கைபோட்டுப் போட்டோவுக்கு நின்றார்.

மறுநாள் பேப்பரில் அந்தப் போட்டோ வந்தது. அடுத்த வாரமே ஊர்ப்பட்ட ஆர்டர். ஒரு காலையில் தேவானை கொடுத்த நீராகாரத்தை மடக் மடக்கென்று குடித்துவிட்டு முருகையன் பாரிமுனைக்குப் போனான். அன்று வண்டியில் ஏற்ற வேண்டியது துணி மூட்டை இல்லை. அறுபது பெட்டி சத்து மாவு டின். வயிறு எரிய எரிய, ஒரே மூச்சில் தி.நகர் வரை இழுத்தான்.