ஏழு வட்டங்கள்

எந்த வருஷம் என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐம்பத்தெட்டு என்பது ஒரு ஊகம்தான். மாசி மாதம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. தங்கத்தாயின் வயலில் உளுந்து காய்பிடித்திருந்தது.

காய்பிடித்த உளுந்துக்கு நடுவே, எல்லா வருஷமும் போல, ஆங்காங்கே செடி மஞ்சளடித்துக் குட்டையாய் நின்றது. புருஷன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில். இந்த வெள்ளாமையும் இப்படியே போனால் வயலைத் தம்பியிடம் விட்டுவிடு என்று எழுதியிருந்தான். தம்பி பேச்சிமுத்து வரப்பில் நின்று சிரித்தான்.

"மதினி, ஒங்க கை வெதச்சா மண்ணுக்கே சொறி வந்துருது."

இருபது வயதில் கல் பொறுக்கித் திருத்திய வயல் அது. அதை விட்டுவிட்டுக் காலையில் எழுந்து எங்கே போவது?

அந்த வாரம்தான், பழங்காலத்து இடங்களை விமானத்திலிருந்து படமெடுக்கப்போகிறார்கள், அவள் வயலும் அதில் வரும் என்று தகவல் வந்தது. வானத்திலிருந்து சர்க்காரே தன் சொறியைப் பார்க்கப்போகிறது! விடியுமுன் பக்கத்து வயல் ரெங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு பச்சையாய்க் கொளுஞ்சிக் குழை அறுத்து, அந்தத் தழையால் மஞ்சளடித்த இடமெல்லாம் தேடித்தேடி மூடினாள்.

"ஏட்டி, பொண்ணு பாக்க வாற மாதிரில்லா சிங்காரிக்க" என்றாள் ரெங்கம்மாள்.

விமானம் அன்று வரவில்லை. மலையில் மேகம். வந்துபோகும்வரை யாரும் வயலில் இறங்கக்கூடாது என்று ஆள் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் வெயிலில் குழை காய்ந்து வெளிறி, பச்சை வயலில் பளிச்சென்று தெரிந்தது. நாலாம் நாள் விமானம் வந்தபோது ஊரே கைகாட்டியது. வரப்போரம் ரெங்கம்மாளோடு நின்ற அவள் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பத்து நாள் உறக்கம் கெட்டது. பிறகு, படமெல்லாம் குற்றாலத்தில் இருக்கிறது என்று விசாரித்து பஸ் ஏறினாள். அருவி வற்றி, ஆளில்லாத பங்களாவில் தாணுமாலயன் என்ற அதிகாரி படங்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"அய்யா, அதக் கிழிச்சிப் போட்டுருங்க. சர்க்கார ஏமாத்திட்டேன். அது நான் போட்ட குழை."

அவர் படத்தின்மேல் குனிந்தார்.

"வட்டமா போடணும்னு யாரும்மா சொன்னா?"

"வட்டமா? மஞ்சளடிச்சிக் கெடந்த எடத்துலதான போட்டேன்."

அவர் இன்னொரு படத்தை எடுத்து வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் வேறு வேலையாய்ப் போன விமானம் எடுத்தது. அதில் புகைபோல ஏழு வட்டங்கள். புதியதில் அதே ஏழும் சுண்ணாம்பு தொட்டு வரைந்ததுபோல்.

"அடியில கல்லு வட்டம் வட்டமா பொதஞ்சி கெடக்கு. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி செத்தவங்களுக்கு வச்சது. வேர் எறங்க வழியில்ல. ஒங்க கையில கொறையே இல்லம்மா."

அவள் விரலால் ஒரு வட்டத்தைச் சுற்றிவந்தாள். இத்தனை வருஷம் நடந்த தடம். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

கோடையில் ஒரு வட்டத்தை மட்டும் தோண்டினார்கள். கல்லும், நடுவில் தாழியும் கிடைத்தன. வயல் தங்கத்தாயிடமே இருந்தது. பேச்சிமுத்து போலீஸில் சேர்ந்து கடையத்துக்குப் போனான். சுந்தரபாண்டியன் பென்ஷனோடு வந்து, அவள் சொன்ன இடத்தில் விதைத்தான். தாணுமாலயன் மாற்றலாகிப் போகுமுன் ஒரு பிரதி கொடுத்தார்; அது தங்கத்தாய் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் வரப்போரம் இரண்டு புள்ளிகள். முகத்தை மூடிய புள்ளி எது என்று அவளும் ரெங்கம்மாளும் கடைசிவரை சண்டை போட்டார்கள்.