வராதவர்கள்

பரிசளிப்பு மாலையில்தான். ஆனால் முதுகெலும்புப் பிரிவில் காலையிலிருந்தே யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயிற்சி மருத்துவர்கள் செய்யும் ஆய்வுகளில் சிறந்ததற்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு உண்டு. வாங்குகிறவருக்கு அங்கேயே நிரந்தர வேலையும் கிடைக்கும். இந்த முறை வாங்கப்போகிறவள் எலும்பும் தோலுமாக இருப்பாள். வார்டில் அவளுக்கு ‘ஊசி’ என்றுதான் பெயர்.

“வேலை கிடைச்சதும் எங்களையெல்லாம் மறந்துடாதே ஊசி,” என்றாள் அறைத்தோழி. அவளும் பயிற்சி மருத்துவர். அவளுடைய ஆய்வு இரண்டாவதாக வந்திருந்தது.

“உன் குறட்டையை எப்படிடி மறக்கறது?”

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறவர்களுக்குச் சிறு துளை வழியே ஆபரேஷன் செய்தால், ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள்? அதுதான் ஊசியின் ஆய்வு. மறுபரிசோதனைக்கு வந்தவர்களை நடக்கவிட்டுப் பார்த்தாள். நன்றாகவே நடந்தார்கள். வராதவர்களை என்ன செய்வது என்று கேட்டதற்குத் தலைமை மருத்துவர் சிரித்தார்.

“நல்லா இருக்கறவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எதுக்கும்மா தலைவெச்சுப் படுக்கப்போறான்? வரலைன்னா குணமாயிட்டான்னு போட்டுக்கோ.”

அந்தப் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். அவளும் போட்டாள்.

மதியம் வார்டு வாசலில் ஒரு பெண் நர்ஸிடம் சிறுநீர் பிடிக்கும் பை கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஊசியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“டாக்டரம்மா! நீங்கதானே எங்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணப்ப கூட இருந்தீங்க? வெல்டிங் வேலை பாப்பாரே, அவருக்கு?”

ஊசிக்கு நினைவிருந்தது. தையல் பிரித்த அன்று தானே நடந்து போனவர். “நல்லா இருக்காரா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் எதற்காக நிற்கிறாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.

அவளோடு கிளம்பிப் போனாள். வீடு மாடியில் இருந்தது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. கட்டிலில் அவர் மல்லாந்து கிடந்தார். புண்ணுக்குப் போடும் மருந்து வாடை அறையை அடைத்திருந்தது.

“வாங்க டாக்டர். எந்திரிச்சு வரவேற்கலைன்னு கோவிச்சுக்காதீங்க.”

“எப்போலேர்ந்து இப்படி?”

“மறுபடி வலிச்சுது. ஆபரேஷன் பண்ண இடம்தானே, ஆறும்னு இருந்தோம். ஒருநாள் காலையில ஒண்ணுக்குப் போனதே தெரியலை. அப்புறம் காலும் போச்சு.”

“உடனே வந்திருக்கலாமே?”

“தூக்கிட்டு வர ஆள் வேணாமா?” என்றாள் மனைவி. “நான் ஒருத்தி எப்படி இந்தப் படியில இறக்கறது?”

டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கிறது. அன்றே கொண்டுவந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றியிருக்கலாம். ஊசி போர்வையை விலக்கி அவருடைய பாதத்தைப் பிடித்தாள்.

“கட்டைவிரலை மேலே தூக்குங்க.”

அவர் முகம் சிவக்க முயன்றார். விரல் அசையவில்லை.

“தூக்கிட்டேனா டாக்டர்?” என்று கேட்டார்.

விழா மண்டபத்தின் பக்கத்து அறையில் தலைமை மருத்துவர் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஊசி சொன்னதைக் கேட்டு முடித்தார்.

“ஆம்புலன்ஸ் அனுப்பு, படுக்கை தரேன். ஆனா செத்த நரம்பு திரும்பாதுன்னு உனக்கே தெரியும். அதுக்கும் பரிசுக்கும் என்ன சம்பந்தம்? ஒருத்தர் படுத்துட்டா ஆய்வே தப்பாயிடுமா?”

“ஒருத்தர்தான்னு எப்படி சார் தெரியும்? வராத யாரையும் நாம போய்ப் பாக்கலையே.”

“முதல்ல மேடையேறி வாங்கு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

“அவர் குணமாயிட்டார்னு என் கையால போட்டிருக்கேன் சார். என்னால வாங்க முடியாது.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, உன் இஷ்டம். அப்புறம் வேலை கேட்டு என் முன்னாடி வந்து நிக்காதே.”

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஊசி பின் வரிசையில் தோழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நடந்ததைக் கிசுகிசுத்தாள். தோழி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

“பைத்தியமாடி உனக்கு? கைக்கு வந்ததை இப்படியா விடுவாங்க?”

“உன் ஆய்வுல வராதவங்களை என்னன்னு போட்டே?”

தோழியின் பிடி தளர்ந்தது. “எல்லாரும் போடற மாதிரிதான்,” என்றாள்.

மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. முதலிடம் பெற்றவர் விலகிக்கொண்டதால் பரிசு இரண்டாவது ஆய்வுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தோழி சற்று நேரம் எழவில்லை. ஊசியின் முகத்தைப் பார்த்தாள்.

தோழி எழுந்தாள். புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மேடையை நோக்கி நடந்தாள். முன் வரிசையில் முதல் ஆளாகக் கைதட்டத் தொடங்கியவர் தலைமை மருத்துவர்தான்.