புத்தகத்தில் ஏறாத மாத்திரை

நாகலக்ஷ்மிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். இன்னும் அரை மணியில் அவள் கணவர் கணபதிராமனின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுக்கப் போகிறார்கள்.

"ஏன் ஷண்டிங் எஞ்சின் மாதிரி முன்னாலயும் பின்னாலயும் போயிண்டிருக்கே? உக்காரேன்," என்றார் அவர். எழுபத்தாறு வயது. மைசூரில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உங்களுக்கென்ன, பேப்பர் படிக்கறேள்."

பத்து நிமிடமாக அவர் பக்கமே திருப்பவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

ஏழு மாதமாக இதே பாடு. ஹீமோகுளோபின் பதினொன்று, ஒன்பது, இப்போது ஏழரை. இரும்புச்சத்து சரி, பி12 சரி, சிறுநீரகம் சரி, தைராய்டு சரி. வயிற்றிலும் குடலிலும் குழாய் விட்டுப் பார்த்ததில் ரத்தக்கசிவும் இல்லை. ஆனால் வெள்ளணுவும் குறைந்துகொண்டே வந்தது. 'மஜ்ஜையே கெட்டிருக்கலாம், புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிற வகையாகவும் இருக்கலாம்' என்று போன வாரம் டாக்டர் வினிதா சொன்னதிலிருந்து நாகலக்ஷ்மி ராத்திரியில் எழுந்து எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஊசிக்கு முன்னாடி ஒருதடவை கேட்டுடறேன் சார்," என்றார் வினிதா. "தினமும் என்னென்ன மாத்திரை?"

கணபதிராமன் ரயில்வே மருத்துவப் புத்தகத்தை நீட்டினார். "இருபது வருஷத்து மருந்து தேதியோட இருக்கு. இதுல ஏறாதது என் வாய்ல ஏறாது."

வினிதா புரட்டிவிட்டு மூடினார். "மேடம், நீங்க சொல்லுங்க. காலைலேந்து சார் வாய்க்குள்ள என்னென்ன போகுது? பொடி, லேகியம், எல்லாம்."

"பிரஷர் மாத்திரை, கொலஸ்டிரால் மாத்திரை. அப்புறம் ஜிங்க்."

"ஜிங்க்கா? புக்ல இல்லையே?"

"அது மருந்தில்லையே, சத்து மாத்திரை. கொரோனா சமயத்துல பையன் கௌரிசங்கர் போன்ல சொன்னான். கடைல வாங்கறது. புஸ்தகத்துல எதுக்கு ஏத்தணும்?"

"எத்தனை நாளா?"

"அப்போலேந்து தினமும். போன வருஷம் இவர் அசதியா இருக்குன்னார். ரெண்டாக்கிட்டேன்."

வினிதா பேனாவைக் கீழே வைத்தார். "யாரும் நிறுத்தச் சொல்லலியா?"

"யாருக்கும் தெரியாதே டாக்டர்," என்றார் கணபதிராமன். "தட்டுல இட்லியோட வைப்பா. முழுங்கிடுவேன். பச்சைக்கொடி காட்டியாச்சுன்னா சிவப்பு வர்ற வரைக்கும் வண்டி போகும்."

"இவ்வளவு ஜிங்க் தினமும் போனா உடம்புல செம்பு சேராது சார். செம்பு இல்லேன்னா மஜ்ஜைக்கு ரத்தம் செய்ய வராது. பாக்கறதுக்கு மஜ்ஜை நோய் மாதிரியே இருக்கும். இவத்து ஊசி பேடா, இன்னிக்கு வேண்டாம். ரத்தத்துல செம்பு பாத்துடலாம்."

"அப்போ அந்த நோய் இல்லையா?" நாகலக்ஷ்மியின் குரல் உயர்ந்தது.

"அதை நான் இன்னும் சொல்லல மேடம்."

முடிவு வர நான்கு நாள். கணபதிராமன் தூங்கினார். நாகலக்ஷ்மி அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். நோயாக இருந்தால் அவர் போய்விடுவார். நோய் இல்லையென்றால் அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அவள் கை. எதை வேண்டிக்கொள்வது?

செம்பு மிகக் குறைவு என்று வந்தது. ஜிங்க் நின்றது, செம்பு மாத்திரை தொடங்கியது.

"செம்புச் சொம்புல தண்ணி குடுக்கட்டுமா டாக்டர்?"

"நீங்களா ஒண்ணும் குடுக்காதீங்க மேடம்!" என்று பதறிய வினிதா சிரித்துவிட்டார். "ஆறு வாரம். ஏறலேன்னா ஊசிதான்."

வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நகரவில்லை. மூன்றாம் வாரம் எட்டு. ஆறாம் வாரம் பத்தேகால், வெள்ளணுவும் ஏறியிருந்தது. "ஊசி வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் வினிதா.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது நாகலக்ஷ்மி அழ ஆரம்பித்தாள்.

"நல்ல சேதிக்கு யாராவது அழுவாளோ?"

"அஞ்சு வருஷம் என் கையால குடுத்தேனே."

"முழுங்கினது யாரு? ஒரு நாளாவது இது என்னடீன்னு நான் கேட்டேனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருந்தா மட்டும்? வாயை மூடிண்டு சாப்பிடுங்கோன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அது தெரிஞ்சுதானே கேக்கல," என்றபடி அவர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.